இல்லை என்று யார் சொன்னது?

ஜனவரி 12

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு உடனே எழுதவும்.

தம்பிக்கு,

மேலே இருப்பது அச்சடித்த வரி. நான் எழுதுவது இங்கிருந்துதான் ஆரம்பம். அப்பா அச்சகத்தை மூடும்போது மிச்சமிருந்த தாளிலெல்லாம் இந்த ஒரு வரியை அடித்து ஆளுக்கு ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இருக்கும் கோபத்துக்கு என் பங்கு இன்றைக்கே தீர்ந்துவிடும்.

போனில் பேசலாம்தான். போன மாதம் பேசியது ஞாபகமிருக்கிறதா? நான் கத்த, நீ கத்த, அம்மா போனைப் பிடுங்கி, "வேலை விஷயமா இனிமே ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. கடுதாசி எழுதுங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் போயிடும்" என்றாள். போகவில்லை. கூடியிருக்கிறது.

படிவம், பக்கமெல்லாம் கட்ட நீங்கள் செய்து தரும் ஃப்ரேம்வொர்க்கின் நாலாவது பதிப்பை ஆஸ்பத்திரியின் சோதனைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதற்கு 'சுளுவு' என்று பெயர் வேறு வைத்திருக்கிறாயே, வாயில் நன்றாக வருகிறது. ஒரே ஒரு படிவத்தைத் திரையில் காட்ட ஆயிரத்து நானூறு துண்டு நிரல்களை இறக்கிக்கொள்கிறது. தப்பு வந்தால் "ஏதோ சரியில்லை, மன்னிக்கவும்" என்கிறது. எது சரியில்லை என்று சொல்லாமல் மன்னிப்பு எதற்கு? சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கணினிப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன், இதைவிட மோசமானதையும் பார்த்தாயிற்று.

பொறுக்க முடியாதது வேறு. நோயாளியைச் சேர்க்கும் படிவத்தில் 'மருந்து ஒவ்வாமை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வேண்டுமென்றே காலியாக விட்டேன். பழைய பதிப்பு என்றால் சேர்க்கைச் சீட்டிலும் காலியாகவே அச்சடிக்கும். நர்ஸ் பார்த்துவிட்டு நோயாளியிடம் கேட்பார். உன் புதுப் பதிப்பு சமர்த்தாக 'இல்லை' என்று தானே நிரப்பி அச்சடித்தது. இல்லை என்று யார் சொன்னது? நான் சொன்னேனா, நோயாளி சொன்னாரா?

பழைய பதிப்புக்கு ஜூன் முப்பதோடு பராமரிப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டீர்கள். அதனால் நான் மாறியே ஆக வேண்டும். அதற்குள் காலிக் கட்டம் வந்தால் நிரப்பாமல் நிற்கும்படி மாற்று. யாருக்காவது ஆகாத மருந்து ஏறினால் அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

சின்னவனே, அவ கத்துறதை மனசுல வெச்சுக்காதே. எனக்கு முழங்கால் பரவாயில்லை. நல்லா தூங்குறியா? — அம்மா


ஜனவரி 28

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு உடனே எழுதவும்.

அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. என் பங்கில் இன்னும் நானூறு தாளுக்கு மேல் இருக்கிறது. உன்னை விட்டால் எனக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள்?

கொஞ்சம் என் பக்கத்தையும் கேள். போன வருஷம், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் ஐம்பது பேரை எங்கள் அலுவலகத்தில் உட்காரவைத்து, சுளுவைக் கொடுத்து, பின்னால் நின்று பார்த்தோம். தப்பு என்று முதல் சிவப்பு எழுத்து வந்ததுமே முப்பத்தொரு பேர் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள், ஒரு காலிக் கட்டத்துக்காக. அன்றைக்கு முடிவு செய்தோம்: உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் திரையில் ஏதாவது ஓட வேண்டும். அதற்காகத்தான் காலியை நிரப்புகிறோம். எண் என்றால் சைபர், உண்டா இல்லையா என்றால் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. கறாராக இருந்தால் புதியவர்கள் ஓடுகிறார்கள், தாராளமாக இருந்தால் நீ திட்டுகிறாய். இரண்டில் ஒன்றைத்தான் நான் வாங்கிக்கொள்ள முடியும். உன் திட்டு எனக்குப் பழகியது.

உனக்கும் வழி வைத்திருக்கிறேன். அமைப்புக் கோப்பில் 'கறார்: ஆம்' என்று ஒரு வரி போடு. அதற்கப்புறம் காலிக் கட்டம் வந்தால் நிரப்பாமல் நின்றுவிடும். ஒரே ஒரு வரி. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

சொல்லாததை நாமே நிரப்பிவைக்கும் இந்த டிஃபால்ட் போடுவது நம் ரத்தத்திலேயே இருக்கிறது அக்கா. இந்தத் தாளின் தலையைப் பார். ஒவ்வொரு கடிதத்திலும் அதையே எழுத அலுத்துப்போய் அச்சடித்தே வைத்த மனுஷர் அப்பா. அவரை யாராவது திட்டினோமா?

அத்தானைக் கேட்டதாகச் சொல். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

சின்னவன்


பிப்ரவரி 10

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு உடனே எழுதவும்.

மேதாவித் தம்பிக்கு,

உன் வரியைப் போட்டேன். ஆய்வகப் படிவம் ஒன்றைப் புதிதாக எழுதி, அதில் சோதித்தேன். நிற்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வரி இருப்பது எனக்கு எப்படித் தெரிந்தது? நீ என் தம்பி என்பதால். தம்பி இல்லாத ஆஸ்பத்திரிகள் என்ன செய்யும்? கறார் வேண்டியவன் தேடிப்போய் ஒரு வரி போட வேண்டுமாம், தாராளம் தானாக வருமாம். இதைத் தலைகீழாக்கு என்கிறேன். தாராளம் வேண்டியவன் தேடிப்போய் ஒரு வரி போடட்டும்.

உன் நூற்றுக்குத் தொண்ணூறு கணக்கைத் தலைமை நர்ஸிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமலே, "மீதிப் பத்துப் பேரு எங்க வார்டுலதான் படுத்திருக்காங்க, சொல்லுங்க உங்க தம்பிகிட்ட" என்றார். சொல்லிவிட்டேன்.

'தெரியாது' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றா? ஐந்தாம் வகுப்பில் காய்ச்சலில் கணக்குப் பரீட்சைக்குப் போகாமல் இருந்தாய். மதிப்பெண் அட்டையில் சைபர் போட்டுவிட்டார்கள். "நான் எழுதவே இல்ல, சைபர் எப்படி சார் வரும்?" என்று வாத்தியாரின் மேஜையைத் தட்டியவன் யார்? அந்தப் பையனை எங்கே தொலைத்தாய்?

நிர்வாக அதிகாரிக்குப் பொறுமை இல்லை. ஏப்ரல் முதல் தேதி சேர்க்கைப் பிரிவில் புதுப் பதிப்பு ஓட வேண்டும் என்கிறார். உன் 'ஒரே ஒரு வரி'யை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

சின்னவனே, அன்னிக்கு வாத்தியார்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டது நான்தான். உங்க ரெண்டு பேருக்கும் அது மறந்துபோச்சு. — அம்மா


பிப்ரவரி 27

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு உடனே எழுதவும்.

அக்காவுக்கு,

ஆளை விடு தாயே. வாரத்துக்கு முந்நூறு புகார் வருகிறது. பொத்தானின் நீலம் பிடிக்கவில்லை என்று ஒருவர், அதே நீலம் போன பதிப்பில் இன்னும் அழகாக இருந்தது என்று இன்னொருவர். நாற்பதாயிரம் பேர் சுளுவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறார்கள். நீ சொல்வதுபோல் தலைகீழாக்கினால், விடிந்ததும் அத்தனை பேருடைய பக்கங்களும் படுத்துவிடும். நாற்பதாயிரம் அக்காக்கள் எனக்குத் தாங்காது.

இருந்தாலும் உனக்காகக் குழுவில் வைத்தேன். ஏழு பேர் ஓட்டுப் போட்டோம். நாலுக்கு மூன்றில் தோற்றது. நான் எந்தப் பக்கம் என்று கேட்காதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சீட்டில் என்ன இருந்தாலும் ஊசி போடும் முன்னால் நர்ஸ் ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா? மனுஷர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் நிரலே செய்ய வேண்டும் என்றால் நாங்கள் என்னதான் செய்வது? இனிமேல் புகார் இருந்தால் எல்லோரையும்போல் பொதுப் பட்டியலில் எழுது. கடிதத்தில் குடும்ப விஷயம் எழுதுவோம்.

அம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தைலம் வாங்கித் தந்தாயா?

சின்னவன்


ஏப்ரல் 19

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு உடனே எழுதவும்.

தம்பிக்கு,

இது புகார் இல்லை, தகவல்.

ஏப்ரல் ஏழாம் தேதி ஒரு வயதான அம்மாளை நுரையீரல் சளிக்காகச் சேர்த்தோம். ஒவ்வாமைக் கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. சீட்டில் 'இல்லை' என்று வந்தது. பென்சிலின் வகை ஊசி போட்டார்கள். அந்த அம்மாளுக்கு அது ஆகாது. கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுபோகப் பார்த்தது. தீவிர சிகிச்சையில் நாலு நாள். பிழைத்துவிட்டார்.

'கறார்: ஆம்' என்ற வரி அதே இடத்தில்தான் இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டேன். ஜூன் முப்பது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 30

இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு உடனே எழுதவும்.

அக்காவுக்கு,

இரண்டு முறை படித்தேன். பிழைத்தாரே, அதுவரைக்கும் நிம்மதி.

ஆனால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதே. கட்டத்தைக் காலியாக விட்ட ஆள் யார்? வயசான மனுஷி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வி கேட்கவும் துப்பில்லாமல் அடுத்த கட்டத்துக்குத் தாவிய அந்தப் பதிவாளரை முதலில் வேலையை விட்டுத் தூக்கச் சொல். அந்த ஆளுக்கு அம்மா அப்பா இல்லையா? தன் வீட்டு மனுஷி என்றால் இப்படிக் காலியாக விட்டிருப்பாரா? இப்படிப்பட்டவர்களின் அலட்சியத்துக்கு என் சுளுவு என்ன செய்யும்?

இன்னொன்று. அம்மா ஏன் அடியில் இரண்டு வரி எழுதவில்லை? போன ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் கம்மியிருந்தது. கேட்டால், "தூசிப்பா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அதற்கு முந்தின ஞாயிறு தூங்குகிறாள் என்று நீ சொன்னாய். தாளின் தலையில் யாவரும் சுகம் என்று இருக்கிறது, அதனால் நானும் கவலைப்படாமல் இருக்கப் பார்க்கிறேன்.

சின்னவன்


மே 14

தம்பிக்கு,

தலையில் இருக்கும் வரியைப் பேனாவால் அடித்திருக்கிறேன், பார்த்தாயா? போன கடிதத்தில் அடிக்கவில்லை. அது பாட்டுக்கு 'யாவரும் சுகம்' என்று உனக்குச் சொல்லியிருக்கிறது. நான் சொல்லவில்லை. அச்சு சொன்னது. மறுக்காமல் தபாலில் போட்டவள் நான்.

கட்டத்தைக் காலியாக விட்ட ஆள் நான்தான். அந்த வயதான அம்மாள் நம் அம்மா.

அன்றைக்குக் காலையில் அம்மாவுக்கு ஜுரம் அடித்தது, மூச்சு இழுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். பதிவாளர் விடுப்பில் இருந்தார். நானே உட்கார்ந்து தட்டினேன். பெயர், வயது, முகவரி. ஒவ்வாமைக் கட்டம் வந்தது. எனக்குத் தெரியாதா? பல் பிடுங்கப் போய், அங்கே கொடுத்த மருந்தில் அம்மாவின் உதடு உப்பிக்கொண்டு வந்ததை நீயும் நானும்தானே பார்த்தோம். மருந்தின் சரியான பெயரை டாக்டரிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று தாவிவிட்டேன். கறார் நிற்குமே, நின்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஓரத்தில் ஒரு நினைப்பு. நிற்கவில்லை. டாக்டர் அறுவை அறையில் இருந்தார். அவரைத் தேடி நான் இரண்டாம் மாடிக்குப் போன நேரத்தில் ஊசி ஏறிவிட்டது.

நர்ஸ் கேட்காமல் இல்லை தம்பி. "ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா ஜுர மயக்கத்தில், "எனக்கென்ன, எல்லாம் ஒத்துக்கும்" என்றிருக்கிறாள். சீட்டும் அதையே சொன்னது. பிறகு அந்தப் பெண் என் முன்னால் நின்று அழுதாள். "நீங்க போட்ட என்ட்ரிதானே மேடம், நம்பிட்டேன்" என்றாள்.

கண் விழித்ததும் அம்மா சொன்ன முதல் பேச்சு, "சின்னவன்கிட்ட சொல்லாதே, அவன் செஞ்ச பொருளாச்சே, மனசு உடைஞ்சுபோவான்." அதனால் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 'ஒரு வயதான அம்மாள்' என்று எழுதினேன். நீ பதிலுக்கு, தன் வீட்டு மனுஷி என்றால் காலியாக விடுவாரா என்று கேட்டாய். தன் வீட்டு மனுஷி என்பதால்தான் விட்டேன்.

என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. விசாரணை நடக்கிறது. அம்மா வீட்டில் இருக்கிறாள்.

அக்கா


மே 22

அக்காவுக்கு,

இது சாதாரண வெள்ளைத்தாள். அந்த அச்சடித்த தாளைத் தொடக் கை வரவில்லை.

உன் மேல் எனக்கு வரும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. நாலு நாள்! அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறாள், நான் இங்கே பொத்தானின் நீலத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை விஷயம்தான் போனில் கூடாது என்றாள், இதுவுமா? சரி, நேற்று நானே அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான்டா இருக்கேன்" என்றாள். அவளிடமிருந்து வேறு பதிலை இந்த ஜென்மத்தில் வாங்க முடியாது போலிருக்கிறது.

இப்போது என் முறை. இரண்டு விஷயம் நானும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

'கறார்' வரி புதிதாக எழுதிய படிவங்களில்தான் வேலை செய்யும். பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்த படிவங்களுக்கு, ஒவ்வொன்றிலும் தனியாகப் போட வேண்டும். கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவனே நான்தான். உனக்கு எழுதும்போது 'ஒரே ஒரு வரி' என்று நிறுத்திக்கொண்டேன். சுளுவாகத் தெரிய வேண்டுமே! உன் சேர்க்கைப் படிவம் பழையது என்று எனக்குத் தெரியும். போன பதிப்பு வந்தபோது அதை எழுத உனக்கு உதவியதே நான்தானே.

அந்த ஓட்டு நாலுக்கு மூன்று. நாலாவது கை என்னுடையது.

அந்தப் பதிவாளரைப் பற்றி எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ கட்டத்தைக் காலியாக விட்டாய். நான் பக்கத்தையே காலியாக விட்டேன். திங்கட்கிழமை குழுவைக் கூட்டுகிறேன்.

அம்மாவைத் தனியாக விடாதே.

சின்னவன்


ஜூன் 20

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. சரி, கோபம் இருக்கும், இருக்கட்டும்.

சுளுவின் புதுப் பதிப்பு, நாலு புள்ளி ஒன்று, நேற்று வெளியாகிவிட்டது. காலிக் கட்டம் வந்தால் நிற்கும். பழைய படிவம், புதுப் படிவம் எல்லாவற்றிலும். "ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருக்கிறது. கேட்டுவிட்டு நிரப்பவும், அல்லது 'இன்னும் கேட்கவில்லை' என்று குறிக்கவும்" என்று வாயைத் திறந்து சொல்லும். தாராளம் வேண்டியவன் தேடிப்போய் ஒரு வரி போட்டுக்கொள்ளட்டும். நீ பிப்ரவரியில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஏழு கையும் உயர்ந்தது.

இனி எனக்கு விழும் அடியைக் கேள். ஒரே நாளில் தொள்ளாயிரம் புகார். 'சுளுவு என்று பெயர் எதற்கு, கழுத்தறுப்பு என்று வையுங்கள்' என்று ஒருவர். திரையில் ஏதாவது ஓட ஐந்து நிமிஷம் ஆனது பத்தொன்பதாகிவிட்டது. எங்களுக்கு ஆதரவு கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு மேலாளர் கூப்பிட்டு, புதியவர்கள் ஓடிவிட்டால் நீயா பிடித்துவருவாய் என்று குதிக்கிறார். அந்த முப்பத்தொரு பேரும், அழுத பெண்ணும் என் கண் முன்னாலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்தது அநியாயம்தான். தெரிந்துதான் செய்தேன். இதில் இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க வழியே இல்லை அக்கா. எந்தப் பக்கத்துத் திட்டோடு தூங்க முடிகிறது என்பதுதான் கணக்கு.

இத்துடன் ஒரு கட்டுத் தாள் அனுப்பியிருக்கிறேன். இங்கே ஓர் அச்சகத்தில் சொல்லி அடித்தது. பழைய தாளையெல்லாம் பின்பக்கம் கிறுக்க வைத்துக்கொள். இனிமேல் இதில்தான் எழுத வேண்டும். தலையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திட்டு.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சின்னவன்


ஜூலை 5

அம்மா: ______
அக்கா: ______
கேட்டுவிட்டு நிரப்பவும். கட்டம் காலியாக இருந்தால் கடிதம் செல்லாது.

தம்பிக்கு,

திட்ட ஒன்றும் இல்லை. தாள் நன்றாக இருக்கிறது. அச்சு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அப்பாவாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

நாலு புள்ளி ஒன்றைப் போட்டுவிட்டேன். முதல் நாளே பதினேழு இடத்தில் நின்றது. நிர்வாக அதிகாரி, "என்னங்க இது, ஒவ்வொண்ணுக்கும் உயிரை வாங்குது?" என்று கத்தினார். "வாங்காம இருக்கத்தான் சார் கேட்குது" என்றேன். விசாரணை முடிந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். ஜூன் முழுக்க எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உன் மேல் கோபம் இல்லை.

முதல் கோட்டை நான் நிரப்பப் போனேன். அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் போதாமல் இங்கே எழுதியிருக்கிறாள்.

அம்மா: நல்லா இருக்கேன்னு எழுத வந்தேன். கேட்டு நிரப்பணும்னு போட்டிருக்கே. தொண்டை இன்னும் எரியுது. அன்னிக்கு மூச்சு நின்னப்போ ரொம்பப் பயந்துட்டேன்டா. உன்னைப் பார்க்காமலே போயிடுவேனோன்னு நினைச்சேன். இவகிட்டகூட இதைச் சொல்லல.

பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தாள்.

இனி இரண்டாவது கோடு. சேர்க்கைப் படிவத்தைத் திறந்தால் ஒவ்வாமைக் கட்டத்தோடு நின்றுவிடுகிறேன். வேறு யாரையாவது தட்டச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறேன். அத்தானிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

அக்கா: சுகம் இல்லை. யார் சொன்னது என்று கேட்காதே, நானேதான் சொல்கிறேன். கிளம்பி வா.